கயாக்கில் பறவைப் படம்: லென்ஸ் வாங்கும் முன் தண்ணீரை நினையுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு ஊர் பொன்னேரி. மேலே உட்கார்ந்து ஓட்டும் வகைக் கயாக் ஒன்று வைத்திருக்கிறேன். விடியற்காலையில் பழவேற்காடு பக்கம் துடுப்புப் போடுவது வழக்கம். பிச்சாவரம் போகவும் ஆசை. இதுவரை போனில்தான் படம் எடுத்தேன். இப்போது கேமராவுக்கென்று ஒன்றரை லட்சம் சேர்த்திருக்கிறேன். கடையில், 'வெதர் சீல்டு பாடியும் 150-600 லென்ஸும் எடுங்க, மழையிலயே எடுக்கலாம், கயாக்லாம் ஒரு விஷயமே இல்ல' என்கிறார்கள். பட்ஜெட் தாண்டுகிறது என்றேன். பில் இல்லாமல் எடுத்தால் குறைத்துத் தருகிறார்களாம். டிரைபாடும் யூவி ஃபில்டரும் இலவசமாம். வாங்கிவிடலாமா? தண்ணீரில் விழுந்தால் மொத்தமும் போய்விடுமே என்ற பயம்தான் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

பதில்: வாங்காதீர்கள். உங்கள் பயம் நியாயமானது. கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லவில்லை, பேச்சை மாற்றியிருக்கிறார்.

வெதர் சீல்டு என்றால் பொத்தான்கள், மூடிகள், லென்ஸ் மாட்டும் இடம் ஆகியவற்றில் ரப்பர் பட்டை வைத்திருக்கிறார்கள் என்பதுதான் பொருள். எவ்வளவு தண்ணீரை எத்தனை நேரம் தாங்கும் என்று பெரும்பாலான கம்பெனிகள் சொல்வதே இல்லை. அளவு சொல்லி விற்கும் சிலவற்றில் ஓஎம் சிஸ்டத்தின் ஓஎம்-1 ஒன்று. அதற்கு ஐபி53 என்று போட்டிருக்கும்; தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தாங்கும் என்பதற்கான தரக் குறியீடு அது. 5 என்பது தூசிக்கு, 3 என்பது தண்ணீருக்கு. தூறலாகத் தெளிக்கும் தண்ணீரைத் தாங்கும் என்பதுதான் அந்த 3. மூழ்குவது அந்தக் கணக்கில் சேராது. சோதனையும் நல்ல தண்ணீரில்தான் நடக்கிறது. பழவேற்காட்டுத் தண்ணீர் உவர்நீர். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், உலோகத்தை அரிக்கும். காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து அரிப்பைத் தொடரும். மழையில் நனைந்த கேமரா பிழைத்த கதைகளை நம்பி உப்பங்கழியில் இறங்கக் கூடாது.

'சீல்டு' என்று சொல்லி விற்கிறவர்கள் வாரண்டி அட்டையைத் திருப்பிக் காட்டுவதில்லை. நான் பார்த்த அட்டைகளில் எல்லாம் தண்ணீரால் வரும் பழுதுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருக்கிறது. விளம்பரத்தில் கேமராவின் மேல் தண்ணீர் கொட்டுகிறது, அட்டையில் தண்ணீர் விலக்கப்படுகிறது. இந்த இரண்டையும் ஒரே கம்பெனி ஒரே பெட்டியில் வைத்து விற்பதை யாரும் தட்டிக் கேட்பதில்லை. சர்வீஸ் சென்டரில் 'லிக்விட் டேமேஜ்' என்று எழுதி, புதுக் கேமரா வாங்கும் அளவுக்கு எஸ்டிமேட் போட்டுக் கையில் கொடுப்பார்கள். வாதாடிப் பயனில்லை.

அடுத்தது பில். இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. கேமராவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. பில் இல்லாமல் கொடுத்தால் அதைக் குறைத்துக்கொள்கிறேன் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அப்படி வரும் சரக்கு பெரும்பாலும் வேறு நாட்டுக்கு அனுப்பப்பட்டது. இங்குள்ள கம்பெனியின் வாரண்டி அதற்குக் கிடையாது. 'கடை வாரண்டி தர்றேன் சார்' என்பார்கள். கடை வாரண்டி என்பது அந்தக் கடைக்காரரின் மனசு. கடை மாறினாலோ ஆள் மாறினாலோ அதுவும் போயிற்று. இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. சீரியல் எண் போட்ட பில் இல்லாமல் இன்சூரன்ஸ் எடுப்பது பெரும்பாடு. கயாக்கில் கேமரா கொண்டு போகிறவருக்கு இன்சூரன்ஸ்தான் உண்மையான வாட்டர்ப்ரூஃப். 18 சதவீதம் மிச்சம் பிடிக்கப் போய் நூறு சதவீதத்தையும் தண்ணீரில் வைக்கிறீர்கள். பில் வாங்கும்போது பெட்டி, பாடி, லென்ஸ் மூன்றிலும் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கடையிலேயே நின்று பாருங்கள்.

இலவச டிரைபாடைத் தொடவே வேண்டாம். கயாக்கில் அதை ஊன்ற இடமில்லை. ஊன்றினாலும் படகு ஆடும்போது அதுவும் சேர்ந்து ஆடும். லென்ஸின் முன் மாட்டும் யூவி ஃபில்டர் உங்களுக்கு எதையும் தராது. விலை மலிந்த கண்ணாடி, நீண்ட லென்ஸின் கூர்மையைக் கெடுக்கும். லென்ஸின் முன்விளிம்பில் மாட்டும் வளையமான லென்ஸ் ஹுட் மாட்டுங்கள், முன்கண்ணாடியில் துளி விழாமல் தடுக்க அது போதும். 'இலவசம்' என்றவற்றுக்குப் பதில் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனி லென்ஸ். 600, 400 என்பவை மில்லிமீட்டர் கணக்கு; எண் கூடக் கூடத் தொலைவில் இருப்பது நெருங்கித் தெரியும். 600-க்கு எல்லோரும் ஏன் ஆசைப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கரையில் நிற்பவருக்கு அது தேவை. உங்களுக்குக் கயாக் இருக்கிறது. பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் உள்ள தூரத்தில் பாதியைத் துடுப்பே குறைத்துவிடும். பிச்சாவரத்துச் சதுப்புக் காட்டின் குறுகிய கால்வாய்களில் (அங்கே வாடகைத் துடுப்புப் படகில் போனாலும் இதே கணக்குதான்) மீன்கொத்தியும் குருட்டுக்கொக்கும் வேரின் மேல் சில மீட்டரில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு பக்கத்தில் 600 தேவையே படாது, அதில் வைத்து எடுத்தால் பறவையின் பாதிதான் சட்டத்துக்குள் வரும்.

எடையைப் பாருங்கள். சிக்மா 150-600 கன்டெம்பரரி 1,930 கிராம். சோனியின் 200-600, டிரைபாடில் பொருத்தும் வளையத்தைக் கழற்றிய பிறகும் 2,115 கிராம். கேனான் ஆர்எஃப் 100-400 வெறும் 635 கிராம். அதை அதே கம்பெனியின் ஆர்10 பாடியில் மாட்டினால் பேட்டரியோடு சேர்த்துக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. கால் நீட்டி உட்கார்ந்து, முதுகுக்குச் சரியான பிடிமானம் இல்லாமல், முழங்கை ஊன்ற இடமில்லாமல் இரண்டரை கிலோவைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பறவை பறந்ததும் கேமரா பக்கவாட்டில் திரும்பும், உடம்பும் கூடவே சாயும், கயாக்கும் அதே பக்கம் சாயும். கேமரா தண்ணீருக்குள் போவது பெரும்பாலும் இந்த நொடியில்தான்.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை: சிறிய சென்சார் கொண்ட, எடை குறைந்த மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) பாடி ஒன்று, 400-இல் முடியும் லேசான ஜூம் ஒன்று. மேலே சொன்ன கேனான் ஜோடி ஓர் எடுத்துக்காட்டு. சென்சார் சிறியது என்பதால் அந்தப் பாடியில் 400 என்பது 640 அளவுக்கு நெருக்கிக் காட்டும். இந்த ஜோடியில் ரப்பர் சீல் கிடையாது. தெரிந்தேதான் சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் முங்கினால் சீல் உள்ளதும் போகும், இல்லாததும் போகும். முங்காமல் காப்பது பை. துளியிலிருந்து காப்பது ஒரு மழை உறையும் உங்கள் கைத்துண்டும். ஒன்றரை லட்சம் முழுவதையும் கேமராவுக்குக் கொட்டாமல் பைக்கும் இன்சூரன்ஸுக்கும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் உங்கள் ஊர்ப் பக்கத்து விதிவிலக்கு: பூநாரை. பழவேற்காடு ஏரி பரந்தது, ஆழமற்றது. பல இடங்களில் இடுப்பளவு கூடத் தண்ணீர் இருக்காது. பூநாரைகள் அந்த ஆழமற்ற வெளியில் கூட்டமாக நின்று, தலையைக் கவிழ்த்து அலகால் சேற்றை அலசி இரை தேடும். மறைந்து போக ஒரு செடிகூடக் கிடையாது. கயாக் வருவதை அவை தொலைவிலேயே பார்த்துவிடும். முதலில் சில தலைகள் மட்டும் நிமிரும். பிறகு கூட்டம் மொத்தமும் நிமிர்ந்து ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கும். அதற்கு மேல் ஒரு துடுப்புப் போட்டால் எல்லாம் எழும்பிவிடும். முதல் தலைகள் நிமிர்ந்ததுமே துடுப்பை நிறுத்துங்கள், அதுதான் உங்கள் எல்லைக்கோடு. அந்த எல்லையில் நின்று ஒரு பூநாரையைச் சட்டம் நிறைய எடுக்க 400 போதாது, 600 தேவைதான். பூநாரை மட்டுமே உங்கள் ஆசை என்றால் நான் மேலே சொன்னதை மாற்றிக்கொள்கிறேன்: 600 வாங்குங்கள், ஆனால் அதைக் கயாக்கில் ஏற்றாதீர்கள், கரையிலோ மீனவர்களின் அகலமான படகிலோ இருந்து எடுங்கள். கூட்டத்தை மட்டும் காட்டுவதென்றால் 400 தாராளம். உண்மையில் அந்த வெளியில் 100-இல் எடுத்த படம்தான் நன்றாக இருக்கும். பறக்கும் படம் வேண்டும் என்று கேட்பவர்களுக்காகப் படகை நேரே கூட்டத்துக்குள் விட்டுக் கிளப்பிக் காட்டும் டூர் ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து அந்தப் பாவத்தில் பங்கெடுக்காதீர்கள். வெகுதூரம் பறந்து வந்து இரை தேடும் பறவையை, ஒரு படத்துக்காக இரையை விட்டு விரட்டுகிறார்கள்.

பழவேற்காட்டுப் பறவைகள் சரணாலய எல்லைக்குள் போவதென்றால் அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, புகைப்படம் எடுக்க அனுமதி தரலாம் என்று தெளிவாகவே சொல்கிறது. சொந்தக் கயாக்கில் தனியாக வருகிறவர் அதை யாரிடம், எந்தத் தாளில் கேட்பது என்பதுதான் தெளிவில்லாமல் கிடக்கிறது. ஒரு மேசை அடுத்த மேசையைக் காட்டும், அந்த மேசைக்காரர் விடுப்பில் இருப்பார். முறையாகக் கேட்கிறவன் அலைய, கேட்காமல் போகிறவன் படம் எடுத்துக்கொண்டு வருகிறான். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்கில் உங்களுக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். கயாக் நகர்வதையும் பறவை அசைவதையும் அது நிறுத்தாது. ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள், பறக்கும் பறவைக்கு 1/2000. ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். விடியற்கால மங்கலில் அது 3200, 6400 என்று ஏறும், ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைப் பிறகு சரிசெய்ய வழி உண்டு, கலங்கிய படத்துக்கு இல்லை. தொடுவானம் சாய்வது பற்றிக் கவலை வேண்டாம், ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுத்து வீட்டில் நேராக்கிக்கொள்ளலாம்.

பைதான் இதில் முக்கியம். வாயைச் சுருட்டி மூடும் ட்ரை பேக், பத்து லிட்டர் அளவு, வாய் அகலமானது. துடுப்பு போடும்போது தண்ணீர் துடுப்பின் வழியே இறங்கி மணிக்கட்டைத் தாண்டி முழங்கைவரை வரும். அந்தக் கையோடு கேமராவைத் தொட்டால் முதல் உப்புத்துளியை வைப்பது நீங்கள்தான். துடுப்பை மடியில் குறுக்காக வையுங்கள், பைக்கு வெளியே சொருகிய துண்டில் கையைத் துடையுங்கள், பிறகு பையைத் திறங்கள். எடுத்து முடித்ததும் லென்ஸைச் சுருக்குவதற்கு முன் வெளியே நீண்டிருக்கும் குழாயைத் துடையுங்கள். அதன் மேல் விழுந்த துளி, சுருக்கும்போது லென்ஸின் உள்ளே போய்விடும். மறுபடி துடுப்பைத் தொடுவதற்கு முன் பையை மூன்று சுற்றுச் சுற்றிக் கிளிப் போட வேண்டும். 'அந்தத் திருப்பம்வரைதானே' என்று திறந்து வைக்காதீர்கள். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கட்டும், கவிழ்ந்தாலும் பை மிதக்கும். பையைக் கயாக்கோடு கிளிப்பால் இணையுங்கள். கேமரா வாரைக் கழுத்தில் மாட்டாதீர்கள், கவிழும்போது அது துடுப்பிலோ இருக்கையிலோ சிக்கும். லைஃப் ஜாக்கெட்டைப் பற்றி நான் சொல்லித்தான் நீங்கள் போட வேண்டும் என்று இருக்கக் கூடாது.

இன்சூரன்ஸ் விஷயத்தில் கடையில் விற்கும் 'டேமேஜ் பிளான்' தாளை நம்பிப் பணம் கட்டாதீர்கள், தண்ணீர் என்ற சொல் எந்தப் பத்தியில் வருகிறது என்று முதலில் தேடுங்கள். பொதுக் காப்பீட்டு நிறுவனங்களில் கேமராவுக்கு 'ஆல் ரிஸ்க்' வகைப் பாலிசி கேளுங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வது செல்லாது. 'கயாக் கவிழ்ந்து கேமரா உவர்நீரில் மூழ்கினால் இழப்பீடு உண்டா, எவ்வளவு பிடித்தம்?' என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலும் மின்னஞ்சலில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். கயாக் என்றால் என்ன என்றே உங்களைத் திருப்பிக் கேட்பார்கள், படிவத்தில் அதற்கு ஒரு கட்டமும் இருக்காது. பொறுமையாக 'சிறு துடுப்புப் படகு' என்று விளக்குங்கள். பதில் வராத நிறுவனத்தை விட்டு அடுத்ததைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், காய்ந்த உப்புக் கண்ணாடியைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுத்து, பிறகு உலர்ந்த துணி. கேமராவை ஈரப் பையிலேயே இரவு முழுக்க விடாதீர்கள், கடற்கரைக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க அதுவே போதும்.

எல்லாவற்றையும் மீறித் தண்ணீருக்குள் போய்விட்டதா? ஆன் பண்ணிப் பார்க்காதீர்கள். பார்க்கத்தான் கை துடிக்கும். பேட்டரியையும் மெமரி கார்டையும் உடனே கழற்றுங்கள். அரிசி மூட்டைக்குள் புதைக்காதீர்கள், அரிசி உப்பை எடுக்காது, தூசியைத்தான் உள்ளே விடும். கார்டைத் துடைத்து உலர்த்தினால் அன்றைக்கு எடுத்த படங்கள் பெரும்பாலும் கிடைக்கும். கேமராவை நனைந்த நிலையிலேயே படம் எடுத்து வைத்து, அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்க்கும்வரை யாரையும் அதைத் திருகாணி கழற்ற விடாதீர்கள்.