லெக்சர் புரியுது, டியூட்டோரியல் மட்டும் வரமாட்டேங்குது

"அக்கா, ஜேசில (ஜூனியர் காலேஜ்) எச்2 மேத்ஸ்ல ஏ வாங்கினேன், இப்ப யூனில ரெண்டாவது வருஷம், ரியல் அனாலிசிஸ் (கால்குலஸோட அடிப்படைய நிரூபணத்தோட படிக்கிற பாடம்) எடுத்திருக்கேன், லெக்சர்ல எல்லாம் புரியுது, வீட்டுக்கு வந்து டியூட்டோரியல் ஷீட்ட எடுத்தா முதல் வரி கூட எழுத வரல, மேஜர மாத்திடலாமா?"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்காரு.

அவசரப்படாதீங்க தம்பி. ஜேசில நாம எல்லாரும் டென் இயர் சீரிஸ், அதாவது பழைய பரீட்சைக் கேள்வித் தொகுப்பு, போட்டுப் போட்டு கை பழகினவங்க, ஃபார்முலா லிஸ்ட்டும் கிராஃபிக் கால்குலேட்டரும் பக்கத்துலயே இருக்கும். அனாலிசிஸ்ல அதுக்கெல்லாம் வேலையே இல்ல, அங்க கையில இருக்கிறது டெஃபினிஷன் மட்டும்தான். நீங்க அத படிச்சு வச்சிருக்கீங்க, எடுத்து வேலை வாங்கல, முதல் வரி வராததுக்கு அதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

ஒண்ணு செஞ்சு காட்டுறேன். கன்வர்ஜ் ஆகுற, அதாவது ஒரு எண்ண (லிமிட்) நெருங்கிப் போற, சீக்வென்ஸ் (எண் வரிசை) எல்லாம் பவுண்டட், அதாவது ஒரு எல்லைக்குள்ள அடங்கும்னு நிரூபிக்கணும்னு வைங்க. நோட்ஸ மூடிட்டு வெறும் பேப்பர்ல கன்வர்ஜ்னா என்னன்னு எழுதுங்க: பூஜ்யத்த விட பெரிய எந்த எப்சிலான் குடுத்தாலும் ஒரு இடம் வரும், அதுக்கப்புறம் வர்ற உறுப்பு எல்லாமே லிமிட்லேர்ந்து எப்சிலான் தூரத்துக்குள்ளதான் இருக்கும். "எந்த எப்சிலான் குடுத்தாலும்"னு இருக்குல்ல, அப்ப நமக்குப் பிடிச்சத எடுக்கலாம், 1 எடுங்க. அந்த இடத்துக்கு அப்புறம் உள்ளதெல்லாம் லிமிட்ட சுத்தி 1 தூரத்துக்குள்ள அடங்கிடுச்சு, அதுக்கு முன்னாடி உள்ளது எண்ணி முடிச்சிடலாம், அதுல அளவுல பெரியது எதுன்னு பாத்துக்கலாம். அவ்வளவுதான், நிரூபணம் முடிஞ்சுது. டெஃபினிஷன முழுசா எழுதினதுலதான் வழியே தெரிஞ்சுது பாருங்க.

இன்னொண்ணு, தியரத்த மனப்பாடம் பண்ணாம ஒடச்சுப் பாருங்க. 0லேர்ந்து 1 வரைக்கும், ரெண்டு ஓரமும் சேத்து, கன்டினியூவஸா (எங்கேயும் துண்டுபடாம) இருக்கிற ஃபங்ஷன் பவுண்டட்னு லெக்சர்ல சொல்லிருப்பாங்க. 0வ மட்டும் எடுத்துடுங்க, 1/எக்ஸ் எங்கேயோ எகிறிடும். சரி, 0வ திருப்பி சேத்து அங்க மதிப்பு 0ன்னு வச்சா? கன்டினியூவிட்டி போயிடும், அப்பவும் பவுண்டட் இல்ல. இப்படி ஒவ்வொரு கண்டிஷனையும் பிடுங்கிப் பாத்தா அது ஏன் அங்க இருக்குன்னு மறக்கவே மறக்காது.

சீனியர்ஸ் டெலிகிராம்ல அனுப்புற சொல்யூஷன உடனே திறக்காதீங்க, தயவு செஞ்சு. முக்கா மணி நேரமாவது முட்டி மோதுங்க, அப்புறம் அந்த அரைகுறை பேப்பரோட டியூட்டர்கிட்ட கன்சல்டேஷன் போங்க, வெறும் கையோட போனா அவங்களால எங்க மாட்டிக்கிட்டீங்கன்னு சொல்ல முடியாது.

லைப்னிட்ஸ் கால்குலஸ வெளியிட்டது 1684ல, கோஷி லிமிட்ட ஒழுங்குபடுத்தி புத்தகம் போட்டது 1821ல, இன்னிக்கு லிமிட்டுக்கு நாம எழுதுற எப்சிலான் டெல்டா வடிவத்த வயர்ஸ்ட்ராஸ் பெர்லின்ல பாடமா நடத்தினது அதுக்கும் பிறகு. பெரிய பெரிய ஆளுங்களுக்கே அவ்வளவு காலம் ஆச்சு, உங்களுக்கு ஒரு மாசம் பிடிபடலன்னா அதுல தப்பே இல்ல தம்பி.

மேஜர் விஷயம் ரீசெஸ் வீக்ல (செமஸ்டர் நடுவுல வர்ற லீவு) பாத்துக்கலாம். அதுவரைக்கும் வாரத்துக்கு ரெண்டு நிரூபணம் இப்படி வெறும் பேப்பர்ல எழுதுங்க. அதுக்கப்புறமும் நிரூபணம் எழுதுறதே பிடிக்கலன்னா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கம் போறத பத்தி தாராளமா பேசலாம்.