பழைய ஸ்னோபோர்ட்: வாங்குபவர் கேள்வியும் விற்பவர் கேள்வியும்

ஸ்னோபோர்ட் என்றால் பனியில் நின்றபடி சறுக்கும் பலகை. ஆழமான புதுப்பனிக்கான பவுடர் போர்டு, கெட்டிப் பனியில் விளிம்பால் கீறித் திரும்பும் கார்விங் போர்டு இரண்டையும் பல சீசனாக வாங்கி, ஓட்டி, விற்று வருகிறேன். நன்றாக ஏமாந்தும் இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

அண்ணா, பழைய பவுடர் போர்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். "மொத்தமே 15 நாள்தான் ஓட்டினேன்" என்கிறார். நம்பலாமா?

நம்பலாம் தம்பி. ஆழமான புதுப்பனி விழுந்த அன்றுதான் அதை வெளியே எடுப்பார்கள். மற்ற நாளெல்லாம் சுவரில் சாய்ந்து கிடக்கும். ஆனால் பவுடர் போர்டு நாள் கணக்கில் தேய்வதில்லை, ஒரு நொடியில் அடி வாங்குகிறது. மேலே பஞ்சு மாதிரிப் பனி, கீழே கண்ணுக்குத் தெரியாத பாறை. அதனால் முதல் வேலையாகப் போர்டைத் திருப்பிப் போட்டு பேஸை, அதாவது அடிப்பரப்பைப் பாருங்கள்.

மேலோட்டமான கீறலை விட்டுவிடலாம். பேஸ் கிழிந்து உள்ளே கண்ணாடியிழையோ மரமோ தெரிந்தால் அதுதான் கோர் ஷாட். அதை நிரப்பியிருந்தால் அந்த இடம் மட்டும் நிறம் மாறி, தடவும்போது லேசாகத் தட்டுப்படும். சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கினால் தண்ணீர் இறங்கி மரம் ஊறியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் ஒட்டுக்கு நான் பயப்படுவதில்லை. எஃகு விளிம்பை ஒட்டி இருந்தால் வாங்க மாட்டேன்; அங்கே ஒட்டு நிற்காது.

கார்விங் போர்டுக்கும் இதே சோதனைதானா?

இல்லை, அப்படியே தலைகீழ். சமன்படுத்திய கெட்டிப் பனியில் ஓடுவதால் அது பாறையைப் பார்ப்பது அபூர்வம். அங்கே தேய்வது எட்ஜ், அதாவது எஃகு விளிம்பு. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் கொஞ்சம் எஃகு போகிறது, போனது திரும்பி வராது.

எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மூக்கு, அதாவது முன்முனை, மேலே வளைகிற இடத்தில் அரமும் கல்லும் அதிகம் படுவதில்லை. அங்கே எஃகுப் பட்டையின் அகலத்தையும் உயரத்தையும் பார்த்துவிட்டு, கால் நிற்கும் இடத்தில் உள்ள பட்டையைப் பாருங்கள். அகலம் குறைந்திருந்தால் பக்கவாட்டில் தீட்டியிருக்கிறார்கள்; உயரம் குறைந்திருந்தால் பேஸையே கல்லில் கொடுத்துத் தேய்த்திருக்கிறார்கள். பாதிக்குப் பாதி என்றால் வேண்டாம்.

அடுத்தது கேம்பர். சமமான தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். நடுப்பகுதி வில் மாதிரித் தூக்கி நிற்க வேண்டும், அழுத்தி விட்டால் சட்டென்று எழ வேண்டும். கேம்பரோடு செய்த கார்விங் போர்டு தரையோடு படுத்துக் கிடந்தால், டாப்ஷீட், அதாவது மேற்பரப்பு, எவ்வளவு பளபளத்தாலும் அது ஓய்ந்துபோன போர்டு. மூலைக்கு மூலை ஆடினால் முறுக்கிக்கொண்டது என்று அர்த்தம்.

நான் பார்த்த பவுடர் போர்டில் மூக்கு தரையில் படவே இல்லை. வால் வேறு ஒல்லியாக இருக்கிறது. வளைந்துவிட்டதா?

பயப்படாதீர்கள், செய்ததே அப்படித்தான். மூக்கு தூக்கி நிற்பது ராக்கர். வால் ஒடுங்குவது டேப்பர். வால் கொஞ்சம் அமிழ்ந்து மூக்கு பனிக்கு மேலே மிதப்பதற்காக அந்த அமைப்பு. கால் வைக்கும் இடமும் பின்னால் தள்ளியே இருக்கும்.

டாப்ஷீட் முழுக்க ஸ்டிக்கர். பரவாயில்லையா?

முழுக்க இருந்தால் பரவாயில்லை. ஒரே ஒரு ஸ்டிக்கர் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம். ஒருமுறை முன் பைண்டிங்குக்கு (பூட்ஸைப் போர்டோடு பூட்டும் பிடி) சற்று மேலே குறுக்காக ஒட்டிய ஸ்டிக்கரோடு ஒரு போர்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து உரித்தால், அடியில் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை மயிரிழை மாதிரி ஒரு மடிப்பு. போர்டு எங்கோ மடங்கி உடைந்திருக்கிறது. இன்று அது என் வீட்டில் செருப்பு வைக்கும் தட்டு. விற்றவரை ஒன்றும் கேட்கவில்லை, ஸ்டிக்கரை உரித்துப் பார்க்காதது என் தப்பு.

என் பைண்டிங் அதில் பொருந்துமா?

துளைகளைப் பாருங்கள். 4 சென்டிமீட்டர் சதுரமாக நான்கு துளை, அல்லது 2 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசையாக இருந்தால் பெரும்பாலான பைண்டிங்குகள் ஏறும். பர்ட்டன் நிறுவனத்தின் பழைய முக்கோணத் துளைக்கும், இப்போதைய நீளக் காடிக்கும் அதற்கேற்ற தட்டு வேண்டும். 6 மில்லிமீட்டர் திருகு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் எல்லாத் துளையிலும் விரலாலேயே திருகிப் பாருங்கள். ஏறாமல் வழுக்கினால் மரை போய்விட்டது.

எந்த அளவு வாங்குவது?

நீளத்தைவிட அகலம் முக்கியம். பூட்ஸ் வெளியே துருத்தினால், சாய்ந்து திரும்பும்போது பனியில் இடித்துத் தூக்கி எறியும். அகலமான பவுடர் போர்டு என்றால் வழக்கத்தைவிடக் குட்டையாக எடுக்கலாம். உங்கள் எடையை விற்பவரிடம் சொல்லிவிட்டு அவர் எடையைக் கேளுங்கள்.

சார், நான் விற்கிற பக்கம். விளம்பரத்தில் என்ன போடுவது?

இடுப்பு அகலம் (போர்டு நடுவில் ஒடுங்கும் இடத்தின் அகலம்), பக்க வளைவின் ஆரம், நீளம், உங்கள் எடை. கார்விங் ஆட்கள் முதலில் கேட்பது ஆரத்தைத்தான். பேஸைச் சாய்வான வெளிச்சத்தில் படம் எடுங்கள், கீறல் தெரியட்டும். ஒட்டுப் போட்ட இடத்தைத் தனியாக, கிட்டத்தில். நேரில் வந்து கண்டுபிடித்துவிட்டால் வாங்குபவர் உங்கள் மற்ற பேச்சு எதையும் நம்ப மாட்டார். சீசன் தொடங்கும் முன் போடுங்கள். பனி உருகும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

விற்கும் முன் மெழுகு போடலாமா?

தாராளமாக. படம் எடுத்த பிறகு.

கூரியரில் அனுப்பினால் உடையுமா?

அடி வாங்குவது மூக்கும் வாலும்தான். பைண்டிங்கைக் கழற்றிவிடுங்கள். குழாய்க்குச் சுற்றும் ஃபோமை நீளவாக்கில் கீறி எட்ஜ் முழுக்க மாட்டி, இரு முனைக்கும் அட்டையை இரண்டு மூன்று மடிப்பாக வையுங்கள்.

மாமா கொடுத்த 90களின் கார்விங் போர்டும் பிளாஸ்டிக் ஹார்டுபூட்டும் இருக்கின்றன. இடுப்பு 20 சென்டிமீட்டர்தான். யாராவது வாங்குவார்களா?

வாங்குவார்கள். கூட்டம் சின்னது, ஆனால் விடாப்பிடியான கூட்டம். 1998இல் நாகானோ ஒலிம்பிக்கில் ஸ்னோபோர்ட் அறிமுகமானபோது கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் ஜெயன்ட் ஸ்லாலம் போட்டியும் அதில் இருந்தது. அந்தக் காலத்துப் போர்டு மேல் பலருக்கு இன்றும் ஆசை. எட்ஜில் மேலாகத் துரு இருந்தால் ரப்பர் கல்லால் துடையுங்கள், குழி விழுந்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

பூட்ஸை மட்டும் விற்க வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் வருஷக் கணக்கில் சும்மா இருந்தாலே இறுகி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வெளியே புதுசு மாதிரி இருந்த ஒரு ஜோடி, பக்கிளை இறுக்கியபோது கணுக்கால் பக்கம் ஓடு மாதிரி பிளந்ததை நானே பார்த்திருக்கிறேன். நல்லவேளை, மேலே மலையில் இல்லை, கார் நிறுத்தும் இடத்திலேயே.