கொக்குக் குஞ்சின் வயிற்றில் சிவப்புப் புழு
(கால்நடை மருத்துவரின் கேள்வி-பதில்)

கேள்வி: ஐயா, எங்கள் கண்மாய்க்கரைக் கருவேல மரங்களில் ஆண்டுதோறும் கொக்கும் வக்காவும் கூடு கட்டுகின்றன. சென்ற வாரம் மரத்தடியில் செத்துக் கிடந்த ஒரு கொக்குக் குஞ்சை நாய் கிழித்துப் போட்டிருந்தது. அதன் வயிற்றில் சிவந்த நூல்போல் நீளமான புழுக்கள் சுருண்டு கிடந்தன. அந்தக் கண்மாய் மீனைத்தான் நாங்கள் சமைக்கிறோம். மீன் குடலைக் கோழிகளுக்குப் போடுவதும் உண்டு. கூடுகளைக் கலைத்துவிடலாம் என்று ஊரில் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, தேவகோட்டை அருகில்

பதில்: புழுவின் இனத்தை உறுதியாகச் சொல்ல அதை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஆயினும் கொக்குக் குஞ்சு, சிவப்பு நிறம், வயிற்றில் சுருண்ட நிலை ஆகிய மூன்றும் சேரும்போது, யூஸ்ட்ராங்கிலைடஸ் என்னும் உருண்டைப் புழுவே முதலில் நினைவுக்கு வருகிறது. வளர்ந்த கொக்கின் இரைப்பைச் சுவரில் குடியிருக்கும் இப்புழுவின் முட்டைகள் எச்சத்தோடு நீரில் விழுகின்றன. சேற்றில் வாழும் சிறு புழுக்கள் அவற்றை விழுங்க, அந்தச் சேற்றுப் புழுக்களை மீன் தின்ன, மீனைக் கொக்கு தின்ன, வட்டம் நிறைவு பெறுகிறது. தாய்ப்பறவை கொண்டுவந்து ஊட்டும் மீனிலேயே புழுவும் இருப்பதால், சில நாள் வயதுடைய குஞ்சின் மெல்லிய இரைப்பையை அது துளைத்துவிடுகிறது. பெரிய பறவை பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், குஞ்சு தாங்காது.

புழு இருப்பதாலேயே அந்தப் பறவை நோயாளி என்றும் எண்ண வேண்டாம். பல ஆண்டுகளுக்கு முன், வலையில் சிக்கி இறந்த ஒரு நீர்க்காகத்தை அறுத்துப் பார்த்தேன். அரைகுறையாகச் செரித்த மீன்களுக்கிடையே வெளிறிய புழுக்கள் வேகவைத்த சேமியாபோல் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. பறவையோ நல்ல கொழுப்போடு இருந்தது. மீன் தின்னும் பறவைகளில் இது அன்றாடக் காட்சி. கோடையில் கண்மாய் வற்றி மீன்கள் ஒரு பள்ளத்தில் நெருங்கி, கொக்குகளும் அங்கேயே கூடும்போது புழுவின் சுமை கூடும்.

இனி உங்கள் அடுப்படிக்கு வருவோம். 1982-இல் அமெரிக்காவின் மேரிலாண்டில் தூண்டிலுக்கு வைத்திருந்த சிறு மீன்களை உயிரோடு விழுங்கிய மீனவர்களின் குடலை இப்புழு துளைத்ததாகப் பதிவாகியுள்ளது. நம் வீடுகளில் அப்படி யாரும் விழுங்குவதில்லை; நன்றாகக் கொதித்த குழம்பில் எந்தப் புழுவும் உயிர் பிழைக்காது. மீனைச் சுத்தம் செய்யும்போது சிவப்புச் சுருள் தென்பட்டால் அந்தப் பகுதியை வெட்டி எறியுங்கள். குடலைப் பச்சையாகக் கோழிக்குப் போடாதீர்கள். வேகவையுங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். கரையில் வீசினால் காக்கையும் கொக்கும் கொத்தித் தின்று, வட்டம் மறுபடி தொடங்கும்.

கோழிக்கு உண்மையான தொல்லை வேறிடத்திலிருந்து வருகிறது. மூச்சுக்குழாயில் ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் ஒட்டி, 'ஒய்' எழுத்தின் வடிவில் வாழும் ஒரு சிவப்புப் புழு உண்டு. மண்புழு, நத்தை வழியாகவும் அது கோழிக்கு வரும். குஞ்சு கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் தவித்தால் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்; மருந்தின் அளவை எடை பார்த்து அவர்கள் தருவார்கள்.

கூட்டைக் கலைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தவிரவும், சேற்றிலும் மீனிலும் உள்ள புழு கொக்கை விரட்டினால் போய்விடாது. உங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, 1977-இல் சரணாலயமான வேட்டங்குடியில், பறவைகள் மிரளக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரே நேரத்தில் பல பறவைகள் செத்து விழுந்தால் மட்டும் கை வைக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அது புழுவின் வேலையாக இல்லாமல், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

கேள்வி: கண்மாயில் குளித்த பிள்ளைகளுக்குச் சிவப்புத் தடிப்பும் அரிப்பும் வருகின்றன. இதற்கும் பறவைகளுக்கும் தொடர்பு உண்டா?
- ஒரு வாசகர், கண்டனூர்

பதில்: இருக்கலாம். வாத்து முதலிய நீர்ப்பறவைகளின் இரத்தக் குழாயில் வாழும் ஒருவகைத் தட்டைப் புழுவின் குஞ்சுகள், நத்தையிலிருந்து வெளிவந்து நீரில் நீந்தி, பறவையென்று எண்ணி மனிதத் தோலில் நுழைந்து அங்கேயே மடிகின்றன. அந்த அரிப்பு சில நாள்களில் தணியும். நத்தை மிகுந்த ஆழமற்ற கரையோரத்தைத் தவிர்த்துக் குளிக்கச் சொல்லுங்கள். கரையேறியவுடன் துண்டால் அழுத்தித் துடைக்கட்டும். தடிப்பு சீழ் பிடித்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.