சிறுநீரக மாற்று செய்துகொண்டவருக்கு மஞ்சள் காமாலை வைரஸ்களால் எவ்வளவு ஆபத்து?

என் அண்ணனுக்கு எங்கள் அம்மா சிறுநீரகம் கொடுத்தார். நான் மருத்துவன் அல்லன், அண்ணனோடு ஓ.பி.க்குத் தொடர்ந்து சென்று வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆபத்து உண்டு, ஆனால் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் (கல்லீரல் அழற்சி) வைரஸ்களில் அது வைரஸுக்கு வைரஸ் வேறுபடும்.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை அறுவைக்கு முன்பே போட்டு முடித்துவிட வேண்டும். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் எதிர்ப்பாற்றலை அடக்கி வைப்பதால், பிறகு போடும் தடுப்பூசி பலருக்குச் சரியாகப் பலன் தருவதில்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு வழக்கமான 20 மைக்ரோகிராமுக்குப் பதிலாக 40 தருவார்கள். அண்ணனுக்கு ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையில் அதை இரண்டு ஊசிகளாகப் போட்டார்கள். எதிர்ப்பொருள் (கிருமியை எதிர்க்க ரத்தத்தில் உருவாகும் புரதம்) அளவு 10 யூனிட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பிறகு பார்க்கச் சொல்லுங்கள். பழைய தொற்று ஆறிப்போனவரின் கல்லீரலிலும் வைரஸ் ஒளிந்திருந்து மீண்டும் தலைதூக்கக்கூடும் என்பதால் பழைய தொற்றின் தடயத்தைக் காட்டும் ‘கோர்’ எதிர்ப்பொருள் சோதனையும் தேவை.

ஹெபடைடிஸ் சி குறித்த பழைய அச்சம் இன்று வேண்டியதில்லை. சோஃபோஸ்புவிர் அடங்கிய மாத்திரைகள் பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்தில் அதைக் குணப்படுத்திவிடுகின்றன.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது ஹெபடைடிஸ் ஈ பற்றித்தான். மற்றவர்களுக்குச் சில வாரங்களில் தானே சரியாகிவிடும் இந்த நோய், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களிடம் நாட்பட்டதாகத் தங்கிவிடலாம் என்பதை 2008இல் பிரான்சின் துலூஸ் நகர மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள்; அவர்கள் கண்ட 14 பேரில் 8 பேருக்கு அப்படி ஆனது. அவ்வாறு தங்குவது பெரும்பாலும் ஐரோப்பாவில் சரியாக வேகாத பன்றி இறைச்சி வழியாகப் பரவும் 3ஆம் வகையே. நம் நாட்டில் அசுத்தமான குடிநீரால் பரவுவது 1ஆம் வகை. எதுவானாலும், கொதிக்க வைத்து ஆறிய நீரையே அண்ணனுக்குக் கொடுக்கிறோம்.

கண் மஞ்சளாகும்வரை காத்திருக்காதீர்கள். ஒருமுறை அண்ணனின் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ரத்தச் சோதனை அளவு) சற்றே உயர்ந்திருந்தபோது அவருக்குப் பசியும் குறையவில்லை, கண்ணிலும் நிறம் மாறவில்லை. எதிர்ப்பாற்றல் அடங்கிய உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமலே போகலாம் என்பதால், வைரஸையே நேரடியாகத் தேடும் ஆர்.என்.ஏ. சோதனையை மருத்துவர் எழுதினார். நல்லவேளையாக, காரணம் வேறொரு மாத்திரை என்று தெரிந்தது.

ஹெபடைடிஸ் ஈ தொற்று நாட்பட்டதாகத் தங்கியது உறுதியானால் முதலில் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தின் அளவைக் குறைத்துப் பார்ப்பார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அதுவே போதுமானதாகிறது. இல்லையேல் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தருவார்கள். அது ரத்தசோகையை உண்டாக்கும் என்பதால் ஹீமோகுளோபினை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். நாமாகவே மாத்திரையைக் குறைத்தால் உறுப்பையே இழக்க நேரிடலாம். உறவினர்கள் அன்போடு அரைத்துத் தரும் கீழாநெல்லியையும் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுத்துவிடாதீர்கள்.