ஏழு மாதமாக மாதவிடாய் வரவில்லை என்பதற்காகக் கருத்தடையை விட்டுவிடாதீர்கள்

அக்கா, 47 வயதில் ஏழு மாதமாக மாதவிடாய் வரவில்லை, இனியும் கருத்தடை வேண்டுமா, அயல்வீட்டவர் தந்த கருத்தடைக் குளிசையைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கருத்தடை கட்டாயம் வேண்டும். சூலகம் பல மாதம் ஓய்ந்திருந்துவிட்டு மறுபடியும் முட்டையை வெளியிடக்கூடிய வயது இது. 50 வயதுக்கு முன் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து 2 ஆண்டுகள், 50க்குப் பின் என்றால் 1 ஆண்டு பொறுக்க வேண்டும்.

முதலில் மருந்துக்கடையில் கர்ப்பப் பரிசோதனைப் பட்டி ஒன்று வாங்கிப் பாருங்கள். அந்தக் குளிசையைத் தயவுசெய்து தொடாதீர்கள். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது; குளிசையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இருந்தால் பக்கவாத ஆபத்துக் கூடும். போதாக்குறைக்கு, குளிசையால் மாதாமாதம் வரும் இரத்தப்போக்கு, மாதவிடாய் உண்மையில் நின்றதா என்பதையே மறைத்துவிடும்.

குளிசைக்குப் பதிலாகக் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான செப்பு லூப்பைப் பற்றி யோசிக்கலாம். அதில் ஹார்மோன் இல்லை, பிரஷருக்கும் தடையில்லை. முன்பு இரத்தப்போக்கு அதிகம் இருந்ததென்றால் மட்டும் வைத்தியரிடம் சொல்லுங்கள். லூப் அதைக் கூட்டக்கூடும். லூப் வைக்கும்வரை ஆணுறை போதும்.

யாழ்ப்பாணத்தில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சுகவனிதையர் கிளினிக் (பெண்களுக்கான நலப் பரிசோதனை கிளினிக்) நடக்கும் நாளைக் கேளுங்கள். இலவசம்தான். பேரப்பிள்ளை காணும் வயதில் இதைக் கேட்பதா என்று கூச வேண்டாம், அவர்கள் தினமும் கேட்கிற கேள்வி இது. மாதவிடாய் ஓராண்டு முழுக்க நின்றபின் துளி இரத்தம் பட்டாலும் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.