ஒரே சர்வே எண்ணில் இருக்கும் பூமியில் ஒரு பகுதியை மட்டும் மதிப்பிட்டு வங்கியில் அடமானம் வைக்க முடியுமா?

மூன்று ஏக்கரில் ரோட்டோரம் 15 சென்ட்டை மட்டும் வைத்து வீட்டுக்கடன் வாங்கப் போகிறேன், என்ன மதிப்புப் போடுவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா வழிப் பூமியாகத்தான் இருக்கும். பட்டா கூட்டுப் பட்டா, மூலப்பத்திரம் பங்காளி வீட்டுப் பீரோவில். சரிதானே? என் கதையும் அதுதான், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முடியும். ஆனால் மதிப்பு அப்புறம். அந்த 15 சென்ட் காகிதத்தில் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

எங்களுக்குக் காங்கேயம் பக்கம். 2 ஏக்கர் 40 சென்ட்டை அப்பாவும் சித்தப்பாவும் பாகப்பத்திரம் போட்டு ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டதோடு சரி, உட்பிரிவு செய்து அவரவர் பங்குக்குத் தனி எண் வாங்கவில்லை. புல வரைபடத்தில் எல்லாம் ஒரே கட்டம்தான். அப்பா தன் பங்கில் ரோட்டோரம் 10 சென்ட்டை எனக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தார். பக்கத்து லேஅவுட்டில் சென்ட் 4 லட்சம், அப்படியானால் நம்முடையது 40 லட்சம் என்று மனக்கணக்குப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன்.

மதிப்பீட்டாளர் வந்தார். கிளுவை வேலியோரமாக இரண்டு முறை நடந்துவிட்டு, "சார், உங்க பத்து சென்ட் எங்க ஆரம்பிக்குது?" என்றார்.

"அந்த முருங்கை மரத்துல இருந்து கெணத்து மேடு வரைக்குங்க."

"மரம் காத்துல சாஞ்சுட்டா?"

கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால், வடக்கே ஊராட்சிச் சாலை, மற்ற மூன்று பக்கமும் 'எனது மீதி பூமி'. 4,356 சதுர அடி என்று மொத்த அளவு இருந்தது, நீள அகலம் இல்லை. நாளைக்குத் தவணை நின்றால் வங்கி எதை ஏலம் விடும், முருங்கை மரத்தையா? போதாக்குறைக்குக் கணக்கில் அது புன்செய். கடன் நின்றால் கோர்ட்டுக்குப் போகாமலே வங்கி சொத்தை எடுத்து விற்க வழிசெய்யும் 2002-ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது, 31-ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. அதனால் இந்த மாதிரிப் பூமி என்றாலே வங்கிக்காரர்கள் பின்வாங்குவார்கள்.

அறிக்கையில் அவர் போட்டது 7 லட்சம், அதுவும் ஏக்கர் விலையை வைத்து. லேஅவுட் மனை விலையில் அவர்கள் விட்ட ரோடு, பூங்கா, அனுமதிச் செலவு எல்லாம் அடக்கம், அதை விவசாயக் காட்டுக்குப் போட முடியாது என்றார். அதற்காக ரோட்டோரத்துக்கும் உள்காட்டுக்கும் ஒரே விலையா என்று இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு. ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை மறுக்க முடியவில்லை: ரோட்டு முகப்பை எனக்கே வெட்டிக் கொடுத்துவிட்டதால், பின்னால் அப்பாவுக்கு மிச்சமிருந்த 1 ஏக்கர் 10 சென்ட்டுக்கு வண்டி போகத் தடமே இல்லை. பிழைதிருத்தல் பத்திரம் போட்டு, நீள அகலத்தைச் சேர்த்து, மேற்கோரம் 12 அடித் தடமும் விட்டோம்.

அப்புறம் இ-சேவை மையத்தில் உட்பிரிவுடன் கூடிய பட்டா மாற்றத்துக்கு மனுப் போட்டேன். சர்வேயர் வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிட்டது. வரைபடத்தில் இருக்கிற வடகிழக்கு மூலைக் கல்லைக் காணோம். தேடிப் பார்த்தால் சித்தி வீட்டுத் தொட்டியோரம் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கிறது. "எங்க மாமனார் காலத்துல இருந்து இங்கதான் கெடக்குது கண்ணு" என்றார் சித்தி. புதுக் கல் நட்டோம்.

'கூட்டுறவு சங்கத்தில் கூட்டுப் பட்டாவுக்கே பயிர்க்கடன் தந்தார்களே' என்று யாராவது கிளம்பி வருவீர்கள். அது பயிர்க்கடன், சாமி. 'முழுப் பூமியையும் வைத்தால் வேலை சுலபம்' என்பவர்களும் உண்டு. வையுங்கள், கடன் முடிகிற வரைக்கும் தங்கைக்குக் கொடுக்க வேண்டிய பங்கும் அதிலேயே மாட்டிக்கொண்டு கிடக்கும். நான் வக்கீல் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். வங்கிக்கு வங்கி மாறலாம்.

மூலப்பத்திரம் கேட்டதற்கு 'தொலைஞ்சு போச்சு' என்ற சித்தப்பா மகன், அதே பத்திரத்தைக் காட்டித் தன் பங்கை மனை போட்டு விற்கிறான். இப்போது அவன் 'புரமோட்டர்'. பேனரில் பிள்ளையார் படத்தைவிட அவன் படம் பெரிது. என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு மொய்கூட வைக்கவில்லை. அதை விடுங்கள்.

உட்பிரிவு எண் கைக்கு வந்த பிறகு அதே மதிப்பீட்டாளர் மறுபடி வந்தார். நான்கு கல்லையும் போட்டோ எடுத்தார், டேப் பிடித்தார், பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். கட்டட வரைபட அனுமதியும் இருந்ததால் இந்தத் தடவை மனையாகவே எடுத்துக்கொண்டு 18 லட்சம் போட்டார். மதிப்பீட்டுக் கட்டணம் மட்டும் இரண்டு தடவையும் என் தலையில்தான்.