டிப்பெட்டுக்கு ஃப்ளோரோகார்பனா, நைலானா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஃப்ளை மீன்பிடிப்பில், பூச்சிபோலச் செய்த தூண்டில் இரையான ஃப்ளையைக் கட்டும் மெல்லிய கடைசி நரம்புதான் டிப்பெட்.

ஃப்ளோரோகார்பன் தண்ணீருக்குள் மீன் கண்ணுக்குத் தெரியவே தெரியாதாமே?

தெரியும். ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ஃப்ளோரோகார்பனுக்குச் சுமார் 1.42, நைலானுக்கு 1.5-க்குச் சற்று மேல். தண்ணீரின் எண்ணுக்குக் கிட்ட இருப்பதால் ஃப்ளோரோகார்பன் நைலானைவிடக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். மீன் பெரும்பாலும் மிரள்வது, ஃப்ளை நீரோட்டத்தோடு போகாமல் இழுபட்டுப் போகும்போது. அதற்கு எந்த நரம்பும் மருந்தாகாது. நான் ஃப்ளோரோகார்பனை வாங்கச் சொல்வதற்குக் காரணம் வேறு. அதன் அடர்த்தி சுமார் 1.78, நைலானுடையது 1.14. அதனால் நிம்ஃப் (நீருக்குள் அமிழ்த்தி விடும் ஃப்ளை) சீக்கிரம் கீழே இறங்கும். பாறையில் உரசினாலும் தாங்கும், தண்ணீரில் ஊறித் தளராது.

டிரை ஃப்ளைக்கும் அதையே கட்டலாமா?

நைலானே போதும். மிதக்க வேண்டிய ஃப்ளையைச் சீக்கிரம் அமிழும் நரம்பில் ஏன் கட்ட வேண்டும்?

4X, 5X என்பதை எப்படிப் புரிந்துகொள்வது?

11-லிருந்து X எண்ணைக் கழியுங்கள். மிச்சம், ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலக் கணக்கில் தடிமன். 5X என்றால் 0.006 அங்குலம், ஏறக்குறைய 0.15 மி.மீ. எந்த ஃப்ளைக்கு எது என்றால், தூண்டில் முள்ளின் எண்ணை 3-ஆல் வகுங்கள்: 16-ஆம் எண்ணுக்கு 5X. இது ஆரம்பக் கணக்குதான். கனமான ஃப்ளை என்றால் ஒரு படி தடிமனாகப் போங்கள். ஒரே 5X-க்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு தாங்குதிறன் போடும். ஸ்பூலில் அச்சிட்டிருக்கும் தடிமனையும் பாருங்கள்.

புது ஸ்பூல்தான், ஆனாலும் முடிச்சிலேயே அறுந்துவிடுகிறது. போலியா?

போலி என்று முடிவு கட்டும் முன், அறுந்த நுனியைப் பாருங்கள். பன்றிவால்போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. ஃப்ளோரோகார்பன் நைலானைவிட விறைப்பானது, தானாகக் கவ்விக்கொள்ளாது. முடிச்சை எச்சிலிலோ தண்ணீரிலோ நன்றாக நனைத்து, வெடுக்கென இழுக்காமல் மெதுவாக, சீராக இறுக்குங்கள். காய்ந்த நரம்பை இழுத்தால் உரசும் சூட்டிலேயே பலம் போய்விடும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். கட்டியதும் கையால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்; அறுவதானால் மீன் வருவதற்கு முன்பே அறுந்து தொலையட்டும்.

நைலான் லீடரோடு (டிப்பெட்டுக்கு மேலே வரும் தடித்த நரம்பு) இணைக்க மூன்று சுற்று சர்ஜன் முடிச்சு எனக்கு நம்பகமானது. தடிமன் வித்தியாசம் அதிகமானால் டிப்பெட் வளையம் (இரண்டையும் இணைக்கும் சிறு உலோக வளையம்) போடுங்கள். மீன் பிடித்த பிறகு கடைசி ஓரடியை நகங்களுக்கிடையே உருவுங்கள். சொரசொரப்புத் தட்டினால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

போன வருட ஸ்பூலைப் பயன்படுத்தலாமா?

நைலான் என்றால் மாற்றிவிடுங்கள், வெயில் அதைக் கெடுத்திருக்கும். ஃப்ளோரோகார்பனை வெயில் அவ்வளவாகப் பாதிக்காது; முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்துத் தாராளமாகக் கட்டலாம். இதே குணம்தான் ஆற்றுக்கு ஆபத்து. வெட்டிப் போட்ட துண்டு எளிதில் மக்காது, பறவைகளின் காலில் சிக்கும். ஒரு துண்டு விடாமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள்.